பதில் சொல்லாத பெட்டி

ஸ்மார்ட் ரிமோட் ஹப் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: அந்தப் பெட்டிக்குச் சொல்லத் தெரியும், கேட்கத் தெரியாது. டிவிக்கும் ஏசிக்கும் ஃபேனுக்கும் கட்டளை அனுப்பும். கட்டளை போய்ச் சேர்ந்ததா, ஃபேன் சுற்றுகிறதா, ஏசி ஓடுகிறதா என்பது அதற்குத் தெரியாது. போனில் இருக்கிற ஆப் பச்சை நிறத்தில் 'ஆன்' என்று காட்டும். தான் கடைசியாக அனுப்பியதை வைத்து ஆப் போட்டுக்கொண்ட கணக்கு அது. வீட்டுக்குள் நடப்பது வேறாகவும் இருக்கலாம். இந்தக் குறையைச் சரிக்கட்டத் தெரிந்துகொண்டால் அந்தப் பெட்டி ஒரு வீட்டையே மாற்றிவிடும். தெரியாவிட்டால் ஒரே மாதத்தில் பரணுக்குப் போய்விடும்.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வந்தது அம்மாவால். எங்கள் ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கம். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன், சனி ஞாயிறு ஊருக்கு வந்துவிடுவேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது இங்கே பிறந்தவர்களுக்குப் புதுச் செய்தி இல்லை. பாறையிலிருந்து தண்ணீரில் கரைந்து வருவது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் வயதில் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை. அம்மா வயதில் அது மூட்டிலும் முதுகிலும் கழுத்திலும் இறங்கியிருக்கிறது. ஜப்பான் நிதியுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி, காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. நல்லதுதான். ஆனால் அதற்கு முன்னால் நாற்பது வருஷம் போர் தண்ணீர் குடித்த எலும்பு பழையபடி ஆகாது.

அம்மாவால் கழுத்தை முழுசாகத் திருப்ப முடியாது. விரல்கள் பாதிதான் மடங்கும். படுக்கையிலிருந்து எழுந்து சுவிட்ச் போர்டுக்குப் போய்வருவது அவருக்குப் பெரிய வேலை. ராத்திரியில் குளிர் தட்டினால், அப்பாவை எழுப்ப மனசு வராமல் போர்வையை இழுத்துக்கொண்டு விடியும்வரை விழித்திருப்பார். இது எனக்குத் தெரியவந்ததே ரொம்ப நாள் கழித்துத்தான், அதுவும் பக்கத்து வீட்டு அத்தை சொல்லி.

ரிமோட் இருக்கிறதே என்று கேட்கலாம். இருந்தது, நாலு இருந்தது. டிவிக்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று, ஃபேனுக்கு ஒன்று. சீலிங் ஃபேன்களுக்கு மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரை 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானதிலிருந்து, குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன்கள் எங்கள் பக்கத்துக் கடைகளிலும் நிறைய வந்துவிட்டன. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட் அளவில் ஓடும். கரண்ட் பில்லுக்கு நல்லது, ஆனால் ரெகுலேட்டர் போய் ரிமோட் வந்துவிட்டது. நாலு ரிமோட்டும் தலைமாட்டில் ஓர் எவர்சில்வர் டப்பாவில் கிடக்கும். செட்டாப் பாக்ஸ் ரிமோட்டின் பின்மூடி உடைந்து, பேட்டரி விழாமல் ரப்பர் பேண்டு சுற்றியிருக்கும். பட்டன் ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவு. மடங்காத விரலால் அதை அழுத்தினால் பக்கத்துப் பட்டனும் சேர்ந்து அமுங்கும். வால்யூம் குறைக்கப் போய்ச் சேனல் மாறும், சேனலைத் திருப்பப் போய் மெனு வந்து நிற்கும். அப்புறம் அம்மா டிவியையே விட்டுவிடுவார்.

ரிமோட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஹப்பின் பலமும் பலவீனமும் தானாகப் புரியும். ரிமோட்டின் மூக்கில் சின்ன எல்இடி ஒன்று இருக்கும். பட்டனை அழுத்தினால் அது எரியும், நம் கண்ணுக்குத் தெரியாது. போனின் செல்ஃபி கேமராவுக்கு நேராகப் பிடித்து அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் வெளிறிய ஊதா நிறத்தில் ஒரு புள்ளி மினுக்கும். ரிமோட் செத்ததா பேட்டரி செத்ததா என்று பார்க்க இதைவிடச் சுலபமான சோதனை இல்லை. அந்த ஒளியின் அலைநீளம் பொதுவாக 940 நானோமீட்டர். வெயிலிலும் டியூப்லைட்டிலும் இதே வகை அகச்சிவப்பு ஒளி இருப்பதால், ரிமோட் தன் ஒளியை வேகமாக, பெரும்பாலும் விநாடிக்கு 38,000 தடவை, விட்டுவிட்டு எரிக்கும். டிவிக்குள் இருக்கும் ரிசீவர் அந்தத் துடிப்பை மட்டும் பொறுக்கி எடுத்து மற்ற வெளிச்சத்தைத் தள்ளிவிடும்.

அந்தத் துடிப்பின் மேல்தான் செய்தி ஏறிப் போகிறது. நிறைய சாதனங்களில் இருக்கும் என்இசி முறையில் முதலில் 9 மில்லிவிநாடி ஒளி, பிறகு 4.5 மில்லிவிநாடி இடைவெளி. 'கவனி' என்று சொல்வது போல. அதன்பின் 32 பிட். எந்தச் சாதனம், எந்தப் பட்டன் என்பது அதற்குள் அடங்கிவிடும். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் ஒளியின் நீளம் ஒன்றே, இருட்டின் நீளம்தான் மாறும். மொத்தமும் பத்தில் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். இதைப் பதிவு செய்து திரும்ப எரிப்பதுதான் ஹப்பின் வேலை. பெட்டிக்குள் சுற்றிவர எல்இடிக்கள், ஒரு ரிசீவர், ஒரு வைஃபை சில்லு, அவ்வளவுதான். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கே கிடைக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்தப் பேச்சு ஒருவழிப் பேச்சு. டிவி பதில் சொல்வதே இல்லை. கம்பியில்லாத டிவி ரிமோட் தொடங்கிய காலத்திலிருந்தே அப்படித்தான். 1955-இல் ஜெனித் நிறுவனத்தில் யூஜீன் பாலி செய்த ரிமோட் டார்ச் லைட் மாதிரி, டிவியின் மூலைகளில் வெளிச்சம் அடிக்க வேண்டும். மறு வருஷமே அதே நிறுவனத்தின் ராபர்ட் அட்லர் ஒலியைக் கொண்டு செய்தார். பட்டனை அழுத்தினால் சின்னச் சுத்தி அலுமினியக் கம்பியைத் தட்டும், காதுக்கு எட்டாத ஒலி டிவிக்குப் போகும், பேட்டரியே வேண்டாம். அதற்கும் பதில் கிடையாது. தேவையும் இல்லை. ரிமோட் பிடித்த ஆள் டிவிக்கு எதிரில்தானே உட்கார்ந்திருக்கிறார்? போட்டால் எரிவதைப் பார்ப்பார், எரியாவிட்டால் இன்னொரு தடவை அழுத்துவார். மனிதக் கண்ணை நம்பிச் செய்த ஏற்பாடு இது. ஹப் வந்ததும் அந்தக் கண் அறையை விட்டு வெளியே போய்விடுகிறது. ஓசூரிலிருந்து நான் போனில் அழுத்துகிறேன், பாலக்கோட்டில் என்ன நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? காற்றடிக்கிற நாளில் எதிர்க்காட்டில் மாடு மேய்ப்பவரைக் கூவிக் கூப்பிடுவது போலத்தான். கூவியது நிச்சயம், கேட்டதா என்பது அவர் திரும்பினால்தான் தெரியும்.

இதை என்னைவிடத் தெளிவாகப் பிடித்தவர் அப்பா. நான் ஹப்பை மாட்டி, போனில் ஃபேனைப் போட்டுக் காட்டியபோது அவர் கேட்டது ஒரே கேள்வி.

"இது திருப்பிச் சொல்லுதாப்பா?"

"என்னது?"

"ஓடுதுன்னு சொல்லுதா? காட்டுல மோட்டருக்குப் போன் பண்ணா ஓடுது ஓடலைன்னு சொல்லுதில்ல? த்ரீ பேஸ் இல்லைன்னா இல்லைங்குது. தண்ணி இல்லைன்னா தானா நின்னுட்டு மெசேஜ் அனுப்புது. இந்தப் பொட்டி சொல்லுதா?"

ஸ்மார்ட் ஹோம் என்றதும் பெங்களூரு அபார்ட்மெண்ட்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. எங்கள் மாவட்டத்து விவசாயக் காடுகளில், கிணற்று மோட்டாரைப் போனிலேயே ஓட்டும் மொபைல் ஸ்டார்ட்டர் வந்து எத்தனையோ வருஷமாகிறது. மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வரும். டார்ச் எடுத்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்துகொண்டு கிணற்றடிக்குப் போன காலம் அந்தச் சிம் கார்டு பெட்டியால் முடிந்தது. அந்தப் பெட்டி மின்சாரத்தை அளக்கும், மூன்று பேஸும் இருக்கிறதா என்று பார்க்கும், தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும், பார்த்ததைச் சொல்லும். அப்பாவுக்கு அதுதான் அளவுகோல். அவர் கேட்ட பிறகு, நான் கட்டவேண்டியது என்ன என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. ஹப் சொல்லட்டும், கேட்பதற்கு வேறு ஏதாவது வைக்க வேண்டும்.

எல்லாச் சாதனத்துக்கும் கேட்கும் ஏற்பாடு தேவையில்லை. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் முக்கியம். ஏசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏசி ரிமோட்டில் ஒரு டிகிரி கூட்டினால் 'ஒரு டிகிரி கூட்டு' என்ற செய்தி போவதில்லை. ஆன், கூல், 26 டிகிரி, காற்று மெதுவாக, ஸ்விங் வேண்டாம் என்று அப்போதைய நிலை மொத்தமும் ஒவ்வொரு தடவையும் போகும். சில ஏசி ரிமோட்டுகள் ஒரே அழுத்தத்தில் 100 பிட்டுக்கு மேல் அனுப்பும். ஏசி ரிமோட்டில் மட்டும் திரை இருப்பதற்குக் காரணமே இதுதான், நிலையை நினைவில் வைத்திருப்பது ரிமோட். இதனால் ஹப்புக்கு ஏசி சுலபம். '26, மெதுவான காற்று' என்பதை ஒரே கட்டளையாகப் பதிந்துவிட்டால், அதை ஒரு தடவை அனுப்பினாலும் பத்து தடவை அனுப்பினாலும் முடிவு ஒன்றுதான். நடுவில் அப்பா பழைய ரிமோட்டால் எதையாவது மாற்றியிருந்தாலும் அடுத்த கட்டளை மொத்தத்தையும் சரியாக்கிவிடும்.

டிவி அப்படி இல்லை. அதன் பவர் பட்டன் ஒரே செய்தியைத்தான் அனுப்பும்: 'இருப்பதை மாற்று'. அணைந்திருந்தால் எரியும், எரிந்தால் அணையும். ஹப் மேல் கோபப்பட்டுத் தூக்கிப்போடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் முறிகிறார்கள். 'டிவி போடு' என்று ஒரே கட்டளையில் டிவியையும் செட்டாப் பாக்ஸையும் சேர்த்து வைப்பார்கள். பாக்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் டிவி எரியும், பாக்ஸ் அணையும். திரும்ப அழுத்தினால் தலைகீழாகும். எத்தனை தடவை அழுத்தினாலும் இரண்டும் சேராது. சில டிவிகளில் ஆனுக்குத் தனி, ஆஃபுக்குத் தனி என்று ரிமோட்டில் இல்லாத கோடுகள், அதாவது பட்டனுக்குரிய ஒளிச் செய்திகள் (code), உள்ளே இருக்கும். கிடைத்தால் அதிர்ஷ்டம். எங்கள் டிவிக்குக் கிடைக்கவில்லை.

அதனால் டிவியின் பிளக்குக்கு மின்சாரம் அளக்கும் ஸ்மார்ட் பிளக் ஒன்று போட்டேன். டிவி ஓடினால் 50 வாட்டைத் தாண்டும், அணைந்திருந்தால் 1 வாட்டைச் சுற்றி நிற்கும். இப்போது 'டிவி போடு' என்றால் முதலில் வாட் பார்க்கப்படும். குறைவாக இருந்தால் மட்டும் பவர் கோடு போகும். சில விநாடி கழித்து மறுபடி வாட் பார்க்கப்படும். ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை அனுப்பும், அதோடு நிறுத்திக்கொள்ளும். செட்டாப் பாக்ஸை அணைப்பதையே விட்டுவிட்டோம், அது எப்போதும் ஓடுகிறது. கொஞ்சம் கரண்ட் வீண்தான். ஆனால் அம்மாவின் சீரியல் தடங்கலில்லாமல் வருவதற்கு அந்தச் செலவு எனக்குச் சம்மதம். சேனல் எண்ணை அனுப்பும்போது மூன்று இலக்கத்துக்கும் நடுவில் அரை விநாடி இடைவெளி விடுங்கள். சேர்த்து அடித்தால் பாக்ஸ் ஒன்றை விழுங்கிவிட்டு வேறு சேனலுக்குப் போகும்.

ஏசிக்கும் 16 ஆம்பியர் தாங்கும் பிளக் இருக்கிறது, ஆனால் அளக்க மட்டும். ஓடுகிற கம்ப்ரஸரைப் பிளக்கில் பட்டென்று வெட்டக் கூடாது, நிறுத்துவது எப்போதும் ரிமோட் கோடு வழியாகத்தான்.

ஃபேனுக்கு நான் எதுவும் வைக்கவில்லை. அம்மா அதற்குக் கீழேதான் படுத்திருக்கிறார், சுற்றுவதும் நிற்பதும் அவருக்குத் தெரியும். தவிர, எங்கள் ஃபேன் ரிமோட்டில் வேகத்துக்கு 1 முதல் 5 வரை தனித்தனிப் பட்டன். '2' என்றால் எந்த நிலையிலிருந்தும் 2 தான். கூட்டல் கழித்தல் பட்டன் மட்டும் இருக்கும் ஃபேனைவிட இது எவ்வளவோ மேல். புதிதாக ஃபேன் வாங்குபவர்கள் ரிமோட்டையும் ஒரு தடவை கையில் வாங்கிப் பாருங்கள். கடைக்காரர் இறக்கையின் அழகைப் பற்றித்தான் பேசுவார்.

ராத்திரிக் குளிர்ப் பிரச்சனையை இந்த எண்கள்தான் தீர்த்தன. மார்கழி, தை மாதத்தில் மலைப்பக்கத்துக் காற்று இறங்கினால் எங்கள் ஊரில் பின்னிரவு நன்றாகவே குளிரும். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன வெப்பமானி ஒன்று இருக்கிறது. ராத்திரி 1 மணிக்கு மேல் அறை 24 டிகிரிக்குக் கீழே போனால் ஃபேன் 2-க்கு வரும், 22-க்குக் கீழே போனால் 1-க்கு வரும். கோடு போய்ச் சேராமல் இருந்துவிடுமோ என்ற கவலை இல்லை. கால் மணிக்கு ஒரு தடவை அதே எண்ணைத் திரும்ப அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எண் கட்டளை என்பதால் எத்தனை தடவை போனாலும் கெடுதல் இல்லை. "ராத்திரி நீ எந்திரிச்சு பேனைக் கொறைச்சியா?" என்று அம்மா அப்பாவைக் கேட்டதாக அப்பா போனில் சொன்னார்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் ஃபேனை ரிமோட்டால் நிறுத்துவதில்லை, சுவரில்தான் அணைப்பார்கள். அறையை விட்டுப் போகும்போது சுவிட்சை அணைத்துவிட்டுப் போ என்று கேட்டு வளர்ந்த கை அது. சுவரில் அணைத்துவிட்டால் ஹப் என்ன கத்தினாலும் ஃபேனுக்குக் கேட்காது. ஸ்மார்ட் வீடு கட்டுகிறேன் என்று சுவிட்சுக்கு மேல் டேப் ஒட்டி, 'தொடாதே' என்று எழுதிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வயசானவர்கள் வீட்டில் அதைச் செய்யாதீர்கள். அறுபது வருஷப் பழக்கம் சொந்த வீட்டிலேயே தப்பு என்று ஆகிவிடக் கூடாது. சுவர் சுவிட்ச்தான் கடைசி வார்த்தை என்று நான் வைத்திருக்கிறேன். அணைத்த ஃபேனை எந்த விதியும் நடுராத்திரியில் ஓட்டிவிடாது என்பதற்கும் அதுவே உத்தரவாதம்.

பெட்டியை எங்கே வைப்பது? கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது ஒளிதான், சுவரைத் தாண்டாது. அறைக்கு ஒன்று வேண்டும். வெள்ளைச் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் என்பதால் நேருக்கு நேர் இல்லாவிட்டாலும் சமாளிக்கும். டிவி பின்னால் ஒளித்து வைத்தால் அழகாக இருக்கும், வேலை செய்யாது. நான் அலமாரி மேல், ஏசியும் ஃபேனும் டிவியும் மூன்றும் தெரிகிற மூலையில் வைத்திருக்கிறேன். மதியம் ஜன்னல் வெயில் நேராக டிவியின் ரிசீவர் மேல் விழுந்தால் கோடு சிதறும். திரைச்சீலை போட்டதும் சரியானது. கூடத்தில் இருக்கும் ஃபேனுக்கு நானே ஒன்று செய்தேன்: ஈஎஸ்பி8266 என்ற சின்ன வைஃபை போர்டு, ஐஆர் (அகச்சிவப்பு) எல்இடி, அதற்குப் போதுமான மின்சாரம் கொடுக்க ஒரு டிரான்சிஸ்டர், கோடு படிக்க 38 கிலோஹெர்ட்ஸ் ரிசீவர். சாலிடர் பிடிக்கத் தெரிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

வைஃபை பற்றிச் சுருக்கமாக. இந்த ஹப்புகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் சேரும். ரூட்டரில் 2.4-க்கும் 5-க்கும் ஒரே பெயர் இருந்தால், போன் 5-இல் நின்றுகொண்டு ஹப்பைக் காணோம் என்று சொல்லும். முதல் தடவை இணைக்கும்போது இரண்டுக்கும் தனிப் பெயர் வையுங்கள். ரூட்டர், ஹப் இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள்.

நெட் போனால் என்ன ஆகும் என்பதுதான் என்னை நிறைய யோசிக்க வைத்தது. கடையில் வாங்கும் ஹப்புகளில் பல, போனில் அழுத்தியதும் செய்தியை எங்கோ வெளிநாட்டு சர்வருக்கு அனுப்பி, அங்கிருந்து திரும்பி வந்துதான் மூன்றடி தள்ளியிருக்கும் ஃபேனை ஓட்டும். எங்கள் பக்கம் சாலை வேலை நடக்கும்போது ஜேசிபி தோண்டினால் ஃபைபர் அறுந்துவிடும், ஒட்ட ஆள் வர ஒரு நாளாகும். அந்த ஒரு நாள் அம்மா ஃபேனுக்காகக் காத்திருக்க முடியாது. சர்வர் என்றைக்கும் இருக்கும் என்ற நிச்சயமும் இல்லை. இந்தத் துறையில் பெரிய பெயரான ஹார்மனி ரிமோட்டுகளை லாஜிடெக் 2021 ஏப்ரலில் நிறுத்துவதாக அறிவித்தது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்குச் சேவை தொடரும் என்று சொன்னது, அதுவரைக்கும் சரி. ஆனால் சேவை வேறொருவர் கையில் இருக்கிறது என்பதை அன்றுதான் உலகம் முழுக்கப் பலர் உணர்ந்தார்கள்.

அதனால் மூளையை வீட்டுக்குள்ளேயே வைத்தேன். வீட்டுச் சாதனங்களை நாம் சொல்லும் விதிப்படி ஓட்டும் ஹோம் அசிஸ்டெண்ட் என்ற இலவச மென்பொருள் 2013-இல் பவுலஸ் ஷூட்சன் தொடங்கியது. பழைய கணினியிலேயே ஓடும். தங்கைக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. ராம் கொஞ்சம் கூட்டி, அதில் ஏற்றினேன். பேட்டரி உப்பிப்போயிருந்ததால் எடுத்துவிட்டு இன்வெர்ட்டர் லைனில் போட்டிருக்கிறேன். வீட்டு வைஃபைக்குள்ளேயே பேசுகிற ஹப்பாகப் பார்த்து வாங்கினால் நெட் அறுந்தாலும் எல்லாம் ஓடும். வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்பேன், விலையெல்லாம் அப்புறம்.

கடைசியில் அம்மாவுக்கு எல்லாம் எப்படி எட்டியது? போன் ஆப் வழியாக இல்லை. திரையில் விரல் வைத்தால் அவருக்கு நடுங்கும். குரல் கட்டளையும் வைக்கவில்லை. வீட்டுக்குள் சத்தமாக ஒரு பொருளிடம் ஆங்கிலத்தில் பேசச் சொல்வது அம்மாவுக்கு மரியாதையாக எனக்குப் படவில்லை. ஜிக்பீ என்ற, குறைந்த மின்சாரத்தில் பேசும் கம்பியில்லா முறையில் வேலை செய்யும் பட்டன் ஒன்று, நாலு கட்டமாக உள்ளங்கை அகலத்தில் கிடைத்தது. பொத்தான் பேட்டரி ஒன்று பல மாதம் வரும். அதைக் கட்டில் சட்டத்தில் இரண்டு பக்க டேப்பில் ஒட்டினேன். மேலே இரண்டும் ஃபேன், கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று. கீழே இடது டிவி, வலது அப்பாவின் போனில் மணி. விரல் மடங்க வேண்டாம், கையின் பக்கவாட்டால் தட்டினாலே போதும். தட்டியதும் கட்டில் பக்கத்து விளக்கு ஒரு தடவை மினுக்கும், கேட்டுவிட்டது என்பதற்கு. மினுக்கவில்லையென்றால் திரும்பத் தட்ட வேண்டும். பதில் சொல்கிற பொருள் ஒன்று அந்த அறையில் இருக்க வேண்டும் என்று அப்பா கேட்டதற்கு நான் செய்த ஏற்பாடு இது. பழைய நாலு ரிமோட்டும் டப்பாவிலேயே இருக்கின்றன, எதையும் எடுக்கவில்லை.

எதை இந்தப் பெட்டியில் கட்டக் கூடாது என்பதிலும் எனக்கு உறுதி உண்டு. தெரியாமல் ஓடினால் ஆபத்து என்கிற எதையும் கட்டாதீர்கள். ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், தண்ணீர் மோட்டார் எல்லாம் அதில் சேரும். கேட்கத் தெரியாத பெட்டியிடம் கொடுக்கிற பொறுப்பு இல்லை அவை. கேட் ரிமோட்டுகள் பெரும்பாலும் ரேடியோ அலை, அவற்றின் கோடு ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மாறும்படி செய்திருப்பார்கள். அதைப் படியெடுக்க நினைக்கவே வேண்டாம்.

கோடுகளைப் பதிந்ததும் ஒரு நகல் எடுத்துத் தனியாக வையுங்கள். உள்ளூர் கேபிள் பாக்ஸுகள் ஆப்பின் ரெடிமேட் பட்டியலில் அநேகமாக இருக்காது, பட்டன் பட்டனாக நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். பெட்டி கெட்டுப்போய்ப் புதிது வாங்கினால் அந்த உழைப்பு வீணாகக் கூடாது.

காவேரிப்பட்டணத்தில் கட்டிக்கொடுத்த தங்கை, தன் மாமியாருக்கும் இதே மாதிரி வேண்டும் என்று போன வாரம் கேட்டாள். ஹப்பை இப்போது வாங்காதே, முதலில் வீட்டில் இருக்கிற ரிமோட்டையெல்லாம் தரையில் பரப்பிப் போட்டோ அனுப்பு என்றேன். மூன்று ரிமோட் வந்தது. ஃபேன் ரிமோட்டில் வேக எண்கள் இருக்கின்றன, ஏசி ரிமோட்டில் திரை இருக்கிறது, இரண்டும் சுலபம். மூன்றாவது டிவியில் சொருகும் ஸ்டிக்குடையது. அது ப்ளூடூத்தில் பேசும், ஐஆர் ஹப்பால் அதை ஓட்ட முடியாது. அந்த ஸ்டிக்கை வைஃபை வழியாக ஹோம் அசிஸ்டெண்டிலிருந்து ஓட்டலாமா என்று பார்க்க வேண்டும். அவள் வீட்டு ரூட்டரின் மாடல் எண்ணைக் கேட்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு சாலிடரிங் அயர்னோடு காவேரிப்பட்டணம் போகிறேன்.